தொடக்கப் பள்ளி ஆசிரியராக என்ன படிக்க வேண்டும்? பிளஸ் டூ முடித்தவர்களுக்கான முழு வழிகாட்டி

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுவாரம் எங்கள் தெருவில் யாராவது ஒருவர் கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிடுவார். "டீச்சர், பாப்பாவுக்கு டீச்சர் வேலைதான் வேணுமாம். சின்னப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்கணும்னு ஆசைப்படுறா. பி.ஏ. சேர்த்துவிட்டுட்டு அப்புறம் பி.எட். போட்டுரலாமா?"

நான் உடனே அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துவிடுவேன். பட்டத்துக்கு மூன்று வருடம், பி.எட்.டுக்கு இரண்டு வருடம். ஐந்து வருடம் கழித்து அந்தப் பெண் சான்றிதழோடு வந்து நிற்கும்போது, ஒன்றாம் வகுப்புக் கதவு அவளுக்கு மூடியிருக்கும். சின்னப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டிய தகுதியே வேறு. அதைப் பிளஸ் டூ முடித்த கையோடு தேர்ந்தெடுத்தால் பாதி நேரம் மிச்சம்.

வாசலில் நின்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வதையெல்லாம் இங்கே எழுதியிருக்கிறேன்.

முதல் படி: எந்த வகுப்புக்கு ஆசிரியர் என்று முடிவு செய்யுங்கள்

"டீச்சர் வேலை" என்று ஒரு வேலை சட்டத்தில் கிடையாது. ஒன்று முதல் ஐந்து வரை கற்பிப்பவர் இடைநிலை ஆசிரியர். ஊர் வழக்கில் செகண்டரி கிரேடு. ஆறாம் வகுப்பிலிருந்து பட்டதாரி ஆசிரியர், அதாவது பி.டி. அசிஸ்டென்ட். பதினொன்று, பன்னிரண்டுக்கு முதுகலை ஆசிரியர். ஒவ்வொன்றுக்கும் படிப்பு வேறு, தேர்வு வேறு.

2010 ஏப்ரல் 1 அன்று கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 23 அன்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம், அதாவது என்.சி.டி.இ., ஆசிரியர்களுக்கான குறைந்தபட்சத் தகுதிகளை அறிவித்தது. அதன்படி ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்க முக்கியமான வழிகள் இவை. பிளஸ் டூவில் 50 சதவீதத்தோடு இரண்டு வருடத் தொடக்கக் கல்விப் பட்டயம். அல்லது பிளஸ் டூவில் 50 சதவீதத்தோடு நான்கு வருடத் தொடக்கக் கல்வி இளங்கலைப் பட்டம். அல்லது ஏதாவது ஒரு பட்டத்துக்குப் பிறகு அதே இரண்டு வருடப் பட்டயம். சிறப்புக் கல்வியில் பட்டயம் பெற்றவர்களுக்கும் வழி உண்டு. எதைப் படித்தாலும் அதோடு ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும்.

இதில் பி.எட். இடம் என்ன என்பதுதான் பல வருடக் குழப்பம். 2018 ஜூன் 28 அன்று என்.சி.டி.இ. ஒரு திருத்தம் கொண்டுவந்தது. பி.எட். முடித்தவர்களையும் தொடக்க வகுப்புகளுக்கு எடுக்கலாம், வேலையில் சேர்ந்த இரண்டு வருடத்துக்குள் ஆறு மாத இணைப்புப் பயிற்சி ஒன்றை முடித்தால் போதும் என்றது. அதை நம்பி நாடு முழுக்க எத்தனையோ பேர் தகுதித் தேர்வின் முதல் தாளை எழுதினார்கள். ராஜஸ்தானிலிருந்து போன வழக்கில் 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ரத்து செய்தது. பி.எட். என்பது மேல்வகுப்புகளுக்குக் கற்பிப்பதற்கான பயிற்சி, சிறு குழந்தைகளைக் கையாளும் பயிற்சி பட்டயப் படிப்பில்தான் இருக்கிறது என்பது தீர்ப்பின் சாரம்.

என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். அந்தத் தீர்ப்பு வந்தபோது பி.எட். படித்த பிள்ளைகளை நினைத்து வருத்தமாக இருந்தது. ஆனாலும் தீர்ப்பு சரி. எழுதப் படிக்கத் தெரிந்த யார் வேண்டுமானாலும் ஒன்றாம் வகுப்பு எடுத்துவிடலாம் என்ற நினைப்பு நம் ஊரில் ஆழமாக இருக்கிறது. பத்தாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துவது ஒரு திறமை. பென்சிலைப் பிடிக்கத் தெரியாத கைக்கு எழுத்தைப் பழக்குவது இன்னொரு திறமை. பெரிய திறமை வந்துவிட்டால் சின்னது தானாக வந்துவிடும் என்று நினைப்பதில்தான் தவறு. இதில் சின்னது எது என்பதே கேள்வி.

இரண்டாம் படி: மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

முதல் வழி, நம்மூரில் எல்லோரும் அறிந்தது: தொடக்கக் கல்விப் பட்டயம், டி.எல்.எட். அம்மா, சித்தி தலைமுறையில் இதை டீச்சர் டிரெய்னிங் என்பார்கள். டி.டி.எட். என்ற பழைய பெயரும் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. பிளஸ் டூ முடித்ததும் சேரலாம், இரண்டு வருடம். இது பட்டப்படிப்பு இல்லை, பட்டயப் படிப்பு. இதை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பி.எல்.எட்., நான்கு வருட இளங்கலைப் பட்டம். 1994-ல் டெல்லிப் பல்கலைக்கழகம் தொடங்கியது. லேடி ஸ்ரீராம், கார்கி, மிராண்டா ஹவுஸ் போன்ற பெண்கள் கல்லூரிகளில் நடந்துவருவதால் மாணவிகள் மட்டுமே சேர முடியும். தொடக்க வகுப்பு ஆசிரியர் வேலையை ஒரு முழுப் பட்டத்துக்கு உரிய படிப்பாக இந்தியாவில் எண்ணிப் பார்த்தவர்கள் இவர்கள்தான். முதல் வருடத்திலேயே குழந்தை வளர்ச்சி, மொழியின் இயல்பு, இன்றைய இந்தியா என்று பாடங்கள். கூடவே கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகியவற்றை அடித்தளத்திலிருந்து மறுபடி படிக்க வைப்பார்கள். நாடகம், கைவினை, உடற்கல்வி எல்லாம் பாடத்திட்டத்துக்குள்ளேயே உண்டு. குழந்தைகளை உற்றுநோக்கிப் பதிவு செய்வதும் தன்னைத் தானே புரிந்துகொள்ளும் பயிலரங்குகளும் உண்டு. நான்காம் வருடம் பெரும்பகுதி பள்ளியிலேயே கழியும். அந்தப் பாடத்திட்டத்தைப் படித்துப் பார்த்தபோது, எனக்கு இருபது வயதில் இது கிடைத்திருக்கக் கூடாதா என்று ஏங்கினேன். சேர்க்கை மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு வழியாக நடக்கிறது. சில கல்லூரிகளில் இதன் இடத்தில் அடுத்துச் சொல்லப்போகும் படிப்பு வந்துவிட்டது. விண்ணப்பிக்கும் வருடம் எந்தக் கல்லூரியில் எது இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஐ.டி.இ.பி. எனப்படும் நான்கு வருட ஒருங்கிணைந்த ஆசிரியர் கல்வி. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கையில் பேசப்பட்டு, 2021 அக்டோபரில் விதிகள் வந்து, 2023-24 கல்வியாண்டில் நாடு முழுவதும் 57 நிறுவனங்களில் தொடங்கப்பட்டது. பி.ஏ. பி.எட்., பி.எஸ்சி. பி.எட்., பி.காம். பி.எட். என்று பட்டமும் பயிற்சியும் சேர்ந்தே கிடைக்கும். எட்டு செமஸ்டர். என்.சி.இ.டி. என்ற தேசிய நுழைவுத் தேர்வைத் தேசியத் தேர்வு முகமை நடத்துகிறது, தமிழிலும் எழுதலாம்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே நான்கு நிலைகள். மழலையர் வகுப்பும் ஒன்று, இரண்டும் சேர்ந்தது அடித்தள நிலை. மூன்று முதல் ஐந்து வரை ஆயத்த நிலை. ஆறு முதல் எட்டு வரை நடுநிலை. அதற்கு மேல் உயர்நிலை. உயர்நிலைக்கான இடத்தில் சேர்ந்துவிட்டு, முடித்த பிறகு இரண்டாம் வகுப்பு வேண்டும் என்றால் சிக்கல். "ஐ.டி.இ.பி. இருக்கா?" என்று கேட்டுவிட்டு நிறுத்திவிடாதீர்கள். "எந்த நிலைக்கான ஐ.டி.இ.பி.?" என்று கேளுங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது? தமிழ்நாடு அரசின் இடைநிலை ஆசிரியர் பணிதான் இலக்கு என்றால் டி.எல்.எட். தான் நேர்வழி. செலவு குறைவு, சொந்த மாவட்டத்திலேயே படிக்கலாம், தகுதியைப் பற்றி யாரும் கேள்வி கேட்க முடியாது. பட்டம் வேண்டுமே என்று கவலைப்படுகிற பெற்றோருக்குச் சொல்கிறேன்: பட்டயத்தை முதலில் முடித்துவிட்டுப் பட்டத்தை அஞ்சல் வழியிலோ நேரடியாகவோ பிறகு படிக்கலாம். தமிழோ கணிதமோ பிடித்த பாடமாகப் பார்த்துப் படித்தால் பதவி உயர்வுக்கும் உதவும். இரண்டையும் ஒரே நேரத்தில் இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள். பட்டயப் படிப்பு வெளியிலிருந்து பார்க்க எளிதாகத் தெரியும். உள்ளே போனால் ரெக்கார்டு எழுதவே ராத்திரி பத்து மணி ஆகிவிடும்.

மூன்றாம் படி: சேர்க்கை

பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்திருந்தாலும் டி.எல்.எட். சேரலாம். 600-க்கு 300, அதாவது பாதி மதிப்பெண் வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு இதில் சலுகை உண்டு. நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்ணும் இடஒதுக்கீடும்தான் தீர்மானிக்கும். வயது வரம்பு இருப்பதால், இடையில் சில வருடம் விட்டவர்கள் அந்த வருட அறிவிக்கையை முதலில் பார்க்க வேண்டும்.

அறிவிக்கை வெளியிடுவது சென்னைக் கல்லூரிச் சாலையில் இருக்கும் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம். விண்ணப்பம் இணையத்தில். பிளஸ் டூ முடிவுக்குப் பின்வரும் வாரங்களில் நாளிதழ்களையும் அந்த இணையதளத்தையும் பார்த்துக்கொண்டே இருங்கள். பொறியியல், மருத்துவக் கலந்தாய்வுச் செய்திகளின் இரைச்சலில் இது சின்னப் பெட்டிச் செய்தியாக வந்து போய்விடும்.

இடம் தேடும்போது முதலில் உங்கள் மாவட்டத்து அரசு ஆசிரியர் பயிற்சி நிறுவனம், அதாவது டயட். அடுத்து அரசு உதவி பெறும் நிறுவனங்கள். அதற்கும் பிறகுதான் தனியார். டயட்டில் கட்டணம் மிகக் குறைவு என்பது ஒரு காரணம். அங்கிருக்கும் விரிவுரையாளர்கள்தான் மாவட்டத்தின் பணியிலிருக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுக்கிறார்கள் என்பது பெரிய காரணம். பள்ளிகளில் இன்று என்ன நடக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

தனியார் நிறுவனம் என்றால் ஒன்றை மட்டும் விடாதீர்கள். என்.சி.டி.இ. அங்கீகார ஆணையைக் கண்ணால் பாருங்கள். நிறுவனத்தின் பெயர், படிப்பின் பெயர், எத்தனை இடம் என்பது அதில் இருக்கும். ஒரு பிரிவுக்கு 50 மாணவர்கள் என்பது விதி. "ஒரே வருடத்தில் டீச்சர் டிரெய்னிங்", "வீட்டிலிருந்தே டி.எல்.எட்." என்று வரும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். மாண்டிசோரிப் பயிற்சிச் சான்றிதழும் மழலையர் கல்விப் பட்டயமும் தம்மளவில் நல்ல படிப்புகள். ஒன்று முதல் ஐந்து வரை கற்பிக்கும் தகுதியை அவை தராது. எனக்குத் தெரிந்த ஒரு பெண் அப்படி ஒரு படிப்பை நல்ல மதிப்பெண்ணோடு முடித்தாள். தகுதித் தேர்வு விண்ணப்பத்தில் கல்வித் தகுதிக் கட்டத்தில் தேர்ந்தெடுக்க அவள் படிப்பின் பெயரே இல்லை. கணினி மையத்திலிருந்து அழுதுகொண்டே போன் செய்தாள். நகையை அடகு வைத்துக் கட்டிய பணம்.

நான்காம் படி: வகுப்பறைக்குள் இரண்டு வருடம்

ஆண்டுக்கு 200 வேலை நாள். பாடங்களுக்கு 80 சதவீத வருகை, பள்ளிக் கற்பித்தல் பயிற்சிக்கு 90 சதவீத வருகை என்பது என்.சி.டி.இ. விதி. முழுநேரப் படிப்பு இது. பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டே சமாளிக்கலாம் என்ற எண்ணத்தோடு வராதீர்கள்.

பாடங்கள் இரண்டு வகை. ஒன்று குழந்தையைப் பற்றியது: எப்படி வளர்கிறது, எப்படிக் கற்கிறது, எதனால் தடுமாறுகிறது என்பவை. இன்னொன்று பாடம் கற்பிக்கும் முறை: தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல். இவற்றோடு ஓவியம், கைவேலை, உடற்கல்வி, கணினி. வருடக் கடைசியில் அரசுத் தேர்வுகள் இயக்ககம் பொதுத்தேர்வு நடத்தும்.

உளவியல் பாடத்தை மனப்பாடம் செய்து எழுதினாலும் தேறிவிடலாம், பலரும் அப்படித்தான் தேறுகிறார்கள். எனக்கு அது வேதனை. பியாஜே என்ற சுவிட்சர்லாந்து அறிஞரின் பெயரும் நான்கு வளர்ச்சி நிலைகளும் எல்லா நோட்டிலும் இருக்கும். அவர் குழந்தைகளிடம் செய்து பார்த்ததை நீங்கள் இன்று சாயந்திரமே செய்து பார்க்கலாம். பக்கத்து வீட்டில் நான்கு ஐந்து வயதுக் குழந்தை இருந்தால் கூப்பிடுங்கள். ஒரே மாதிரி இரண்டு டம்ளரில் சம அளவு தண்ணீர் ஊற்றுங்கள். "ரெண்டும் ஒண்ணா இருக்கா?" என்று கேளுங்கள், தலையாட்டும். அதன் கண் முன்னாலேயே ஒரு டம்ளர் தண்ணீரை ஒல்லியான உயரமான பாட்டிலுக்கு மாற்றுங்கள். "இப்ப எதுல நிறைய இருக்கு?" என்று கேட்டால் பாட்டிலைக் காட்டும். ஒரு சொட்டுகூடச் சேர்க்கவில்லையே என்று நீங்கள் எவ்வளவு விளக்கினாலும் அது பாட்டிலைத்தான் காட்டும். ஏழு வயதை ஒட்டி அதே குழந்தை உங்களைப் பார்த்து, "அதே தண்ணிதானே!" என்று சிரிக்கும்.

இதை ஒரு தடவை நேரில் பார்த்தவர், ஒன்றாம் வகுப்புக் குழந்தையிடம் "எத்தனை தடவை சொல்றது?" என்று கத்துவதற்கு முன் ஒரு நொடி நிற்பார். அந்த ஒரு நொடிக்காகத்தான் உளவியல் பாடம்.

தமிழ் கற்பிக்கும் முறையில் நமக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. குழந்தை வீட்டில் பேசுவது "வாழப்பழம்". புத்தகத்தில் இருப்பது "வாழைப்பழம்". வீட்டில் "வந்துச்சு", புத்தகத்தில் "வந்தது". தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைக்கே எழுத்துத் தமிழ் பாதிப் புது மொழி. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ சௌராஷ்டிரமோ பேசும் பிள்ளையும், வேலைக்காக ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பத்துப் பிள்ளையும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். "சரியாப் பேசு" என்று அதட்டாமல், பிள்ளை சொன்ன சொல்லை ஏற்றுக்கொண்டு, புத்தகச் சொல்லைப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கத் தெரிய வேண்டும். வாசிக்க வைப்பதில் பாதி வேலை இதுதான்.

ஐந்தாம் படி: பள்ளியில் கற்பித்தல் பயிற்சி

என்.சி.டி.இ. விதிப்படி இரண்டு வருடத்தில் 20 வாரம் பள்ளியில். முதல் வருடம் 4 வாரம், இரண்டாம் வருடம் 16 வாரம். இந்தப் படிப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது. என் வகுப்புக்கு வருடா வருடம் மாணவ ஆசிரியர்கள் வருகிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் சில நாட்கள் பின்பெஞ்சில் உட்கார்ந்து உற்றுநோக்கல். பெரும்பாலானோர் அந்த நாட்களில் ஆசிரியர் என்ன செய்தார் என்று எழுதிக்கொண்டிருப்பார்கள். ஆசிரியரை விட்டுவிடுங்கள். ஒரே ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுத்து ஒரு நாள் முழுக்கப் பாருங்கள். அது எத்தனை தடவை பேசியது, எப்போது ஜன்னல் பக்கம் பார்த்தது, பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதியதா, மதியம் என்ன சாப்பிட்டது. ஒரு வாரத்தில் ஐந்து குழந்தைகள். அதற்குப் பிறகு நீங்கள் எழுதும் பாடக்குறிப்பே வேறு மாதிரி இருக்கும்.

அப்புறம் பாடம் நடத்துவது. பாடக்குறிப்பு, துணைக்கருவி, மதிப்பீடு எல்லாம் ரெக்கார்டில் இருக்க வேண்டும். துணைக்கருவிக்காகத் தெர்மாகோலும் ஜிகினாவும் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். புளியங்கொட்டை, ஈர்க்குச்சி, பாட்டில் மூடி, பழைய காலண்டர் போதும். குழந்தை கையில் எடுத்துப் புரட்ட முடியாத கருவியால் பலனில்லை.

போன வருடம் வந்த மாணவ ஆசிரியை ஒருவர் மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் எடுத்தார். 52-லிருந்து 17. ஒரு பையன் 45 என்று எழுதியிருந்தான். அவர் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டுவிட்டு, சரியான விடை 35 என்று எழுதிக் கொடுத்தார். அடுத்த கணக்கு 63-லிருந்து 28. அவன் 45 என்று எழுதினான். மறுபடி தப்பு. "கவனமே இல்ல மேடம், எல்லாத்தையும் தப்பாப் போடுறான்" என்று என்னிடம் வந்தார்.

அவனைக் கூப்பிட்டு, எப்படிப் போட்டாய் என்று கேட்கச் சொன்னேன். அவன் தெளிவாகச் சொன்னான்: "பெருசுலேர்ந்து சின்னதைத்தானே டீச்சர் கழிக்கணும்? ஏழுலேர்ந்து ரெண்டு போனா அஞ்சு. அஞ்சுலேர்ந்து ஒண்ணு போனா நாலு." கவனமாகத்தான் போட்டிருக்கிறான். முதல் வகுப்பில் யாரோ சொல்லிக்கொடுத்த விதியை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறான், அவ்வளவுதான். அந்த ஆசிரியை ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு ஐந்து கட்டும் தனியாக இரண்டு குச்சியும் அவன் முன்னால் வைத்தார். "இதிலேர்ந்து பதினேழு எடுத்துக் குடு" என்றார். அவன் ஒரு கட்டை எடுத்துக் கொடுத்தான். இன்னும் ஏழு வேண்டும். கையில் இருப்பதோ இரண்டு. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு அவனாகவே இன்னொரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றினான்.

தவறான விடைக்குப் பின்னால் ஒரு நியாயம் இருக்கும், அதைக் கண்டுபிடிக்க வேண்டும். பயிற்சிக் காலத்தில் இதற்குத்தான் உங்களுக்கு நேரம் இருக்கிறது. வேலையில் சேர்ந்த பிறகு அவ்வளவு நேரம் கிடைக்காது.

இன்னொன்றையும் பயிற்சியிலேயே பழகிக்கொள்ளுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். அதாவது ஐந்து வகுப்பு, இரண்டு பேர். நீங்கள் வேலைக்குப் போகும் பள்ளி பெரும்பாலும் இப்படி ஈராசிரியர் பள்ளியாகத்தான் இருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புகள் ஒரே அறையில் வட்ட வட்டமாக உட்கார்ந்திருக்கும். 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் குழந்தைகளை அவர்கள் இருக்கும் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கிறோம். ஒரே கதையை மூன்று நிலைக்கும் எப்படிப் பங்கு போடுவது என்பதைப் பயிற்சிப் பள்ளியின் ஆசிரியரிடம் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். பயிற்சிக்குப் பெரிய பள்ளி கிடைத்தால் நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. ஒரு தடவையாவது ஈராசிரியர் பள்ளியைக் கேட்டு வாங்குங்கள்.

ஆறாம் படி: ஆசிரியர் தகுதித் தேர்வு

டெட் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். ஒன்று முதல் ஐந்து வரைக்கு முதல் தாள். 150 கேள்வி, 150 மதிப்பெண். குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும், தமிழ், ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல் என ஐந்து பகுதி, ஒவ்வொன்றிலும் 30. தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது. பொதுவான தேர்ச்சி 60 சதவீதம், அதாவது 90; இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குக் குறைவு.

தமிழ்நாட்டில் முதல் டெட் 2012 ஜூலையில் நடந்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதி, தேறியவர்கள் சுமார் 2,400 பேர். அந்த அதிர்ச்சி இன்னும் மக்கள் பேச்சில் இருக்கிறது. ஆனால் பயப்பட ஒன்றும் இல்லை. முதல் தாளுக்கு அடிப்படை ஒன்று முதல் எட்டு வரையிலான நம் சமச்சீர்ப் பாடநூல்கள். முதலில் கைடு வாங்காதீர்கள். பாடநூல்களை வரிவரியாகப் படியுங்கள். கணிதத்தில் எட்டாம் வகுப்பு வரைக்கும் எல்லாக் கணக்கையும் கையால் போட்டுப் பாருங்கள். டி.எல்.எட். இரண்டாம் வருடத்திலேயே தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

இப்போது ஒருமுறை தேறினால் அந்தச் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். முன்பு ஏழு வருடம்தான் என்றிருந்ததை 2021-ல் மாற்றிவிட்டார்கள். 2025 செப்டம்பர் 1 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் மிச்சமிருக்கும் பழைய ஆசிரியர்களும் இரண்டு வருடத்துக்குள் டெட் தேற வேண்டும் என்றது. ஆகவே இதைத் தாண்டிப் போக வழியே இல்லை, படிக்கும்போதே முடித்துவிடுங்கள்.

மத்திய அரசின் சி.டெட் தேர்வையும் சேர்த்து எழுதுங்கள். கேந்திரிய வித்யாலயா பள்ளிகளுக்கு அதுதான் தேவை. மொழித் தாளில் தமிழும் உண்டு.

ஏழாம் படி: நியமனத் தேர்வு

டெட் தேறினால் வேலை வந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2018-ல் வந்த அரசாணை 149 அதை மாற்றிவிட்டது. டெட் என்பது தகுதி மட்டும். அரசுப் பணிக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் தனியாக ஒரு போட்டித் தேர்வு நடத்தும். பத்தாண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு, 2024 ஜூலை 21 அன்று இடைநிலை ஆசிரியர்களுக்கு அந்தத் தேர்வு நடந்தது. முதலில் 1,768 இடம் அறிவித்துப் பிறகு 2,768 ஆக உயர்த்தினார்கள். கட்டாயத் தமிழ்த் தகுதித் தாள் ஒன்று, 50 மதிப்பெண்ணுக்கு. அதில் 20 எடுத்தால்தான் முதன்மைத் தாளை மதிப்பிடுவார்கள்.

பெற்றோர் கேட்டால் உள்ளதை மறைக்காமல் சொல்வேன். அரசு வேலைக்கு வருடக்கணக்கில் காத்திருக்க நேரலாம். காத்திருக்கும் காலத்தில் தனியார் பள்ளியில் சேர்வதானால், சம்பளம் சில நூறு கூடக் கிடைக்கும் பள்ளியைவிட, ஒரே வகுப்பை ஒரு வருடம் முழுக்க உங்கள் கையில் ஒப்படைக்கும் பள்ளியைப் பாருங்கள்.

படிக்கும்போதே செய்து வைக்க வேண்டிய ஒன்று

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை இடங்கள் உண்டு. 2010-ன் சட்டம் அது. 2020-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பணிக்குக் கேட்கும் படிப்பை மட்டும் தமிழில் படித்திருந்தால் போதாது. பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் இருந்திருக்க வேண்டும். அதற்கான சான்றிதழை ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் தனித்தனியாக வாங்க வேண்டும். தேர்வு அறிவிக்கை வந்த பிறகு ஓடினால், ஒன்றாம் வகுப்பு படித்த பள்ளியில் பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தேடி எடுக்கவே வாரங்கள் ஆகலாம். தலைமை ஆசிரியர் மாறியிருப்பார். சில ஊர்களில் அந்தப் பள்ளியே இன்னொன்றோடு சேர்ந்திருக்கும்.

டி.எல்.எட். சேர டி.சி. வாங்கப் போகும் அன்றே இந்த வேலையையும் தொடங்கிவிடுங்கள். ஆசிரியர் தேர்வு வாரியத்தின் இணையதளத்தில் இருக்கும் படிவத்தை அச்செடுத்துக்கொண்டு, முதலில் உங்கள் தொடக்கப் பள்ளிக்குப் போங்கள். காலை இறைவணக்கம் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குள் போன பிறகு போனால் தலைமை ஆசிரியருக்குப் பேச நேரம் இருக்கும். நீங்கள் உட்கார்ந்து படித்த அறையில் அப்போது யாராவது ஒன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருப்பார்கள். அனுமதி கேட்டு அரை மணி நேரம் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாருங்கள்.